லட்ச ரூபாய் போனில் முதலில் போவது பசை: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் முறை

"அண்ணா, கீழயும் போடலைங்க, தண்ணியும் படலைங்க. தானா இப்படி ஆயிடுச்சு."

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் என் சின்ன சர்வீஸ் கடைக்கு விலை உயர்ந்த போனைக் கொண்டுவருகிறவர்கள் பேச்சை இப்படித்தான் தொடங்குவார்கள். முன்பெல்லாம் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். இப்போது பெரும்பாலும் நம்பிவிடுகிறேன். இந்தப் போன்களில் கண்ணாடி நல்ல கண்ணாடி, உலோகமும் நல்ல உலோகம். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது மட்டும் நூல் தடிமனில் ஓடும் ஒரு பசைக்கோடு. சிம் டிரேயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, மேலே ஒரு பூச்சு இருக்கிறது. போனைத் தூக்கி எறியாதவர்களுக்கும் இந்த மூன்றும் தேயத்தான் செய்யும். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் சேலத்து வெயிலையும், ஒரு மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய ஏற்காட்டுக் குளிரையும் மாறி மாறிப் பார்க்கும் போனுக்கு இன்னும் சீக்கிரம் தேயும்.

கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

எதற்கும் முன்னால் ஒன்று. கவரைக் கழற்றுங்கள். துடைக்காதீர்கள். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, வேறொரு போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். *#06# அழுத்தினால் வரும் எண்ணையும் பில்லையும் ஒரே இடத்தில் வையுங்கள். துடைத்த பிறகு எடுக்கிற படம் சர்வீஸ் சென்டரில் எதற்கும் உதவாது.

திரையோ பின் கண்ணாடியோ ஓரத்தில் தூக்கியிருக்கிறது

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. மற்றதெல்லாம் பணப் பிரச்சினை, இது ஆபத்து.

போனைச் சமமான மேசையில் குப்புற வைத்து, பிறகு மல்லாக்க வைத்து, ஒரு விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். முன்பு அசையாமல் கிடந்தது இப்போது பம்பரம் மாதிரி சுற்றினால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இருட்டு அறையில் திரையை முழு வெள்ளையாக வைத்துப் பார்த்தால் ஓரத்தில் வெளிச்சம் கசியும். லித்தியம் அயன் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சூட்டிலும் வயதிலும் சிதைந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயுவுக்குப் போக வழி இல்லாததால் பேட்டரி உப்பி, பசையைப் பிய்த்துக்கொண்டு கண்ணாடியைத் தூக்குகிறது.

சந்தேகம் வந்துவிட்டால் சார்ஜ் போடாதீர்கள். தூக்கிய இடத்தை அழுத்தி ஒட்டப் பார்க்காதீர்கள். ரப்பர் பேண்ட் போட்டு இரண்டு நாள் வைத்திருந்ததாக ஒரு வாடிக்கையாளர் பெருமையாகச் சொன்னார், கேட்டபோதே எனக்குக் கை நடுங்கியது. போனை அணைத்து, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, நேரில் கொண்டுபோங்கள். ஏற்காட்டிலிருந்து சிலர் பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறேன் என்பார்கள். வீங்கிய பேட்டரியை அப்படி அனுப்பவே கூடாது.

இடைவெளி இருக்கிறது, ஆனால் போன் சுற்றவில்லை, ஒரே ஒரு மூலையில்தான் தூக்கல் என்றால் பசை விட்டிருக்கலாம். இந்த வித்தியாசம் முக்கியம். பேட்டரி வீங்கினால் நடுப்பகுதியும் நீண்ட பக்கமும் தூக்கும். பசை மட்டும் விட்டால் பெரும்பாலும் மூலையில் தொடங்கும். அந்த மூலையில் உலோகச் சட்டத்தில் சின்னப் பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் அங்கே அடி பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் சூடுதான் காரணமாக இருக்கும், அது உங்களுக்குச் சாதகமான ஆதாரமும்கூட.

சூடு என்றால் எவ்வளவு? ஆப்பிள் தன் ஐபோனைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரைதான். சேலத்தில் ஏப்ரல் மாதம் மதியம் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டுகிறோம், கார் டேஷ்போர்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐபோன் 14 வரை 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகும், 15 முதல் 1000 சுற்றுக்குப் பிறகும் பேட்டரி 80 சதவீதத் திறனோடு இருக்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. அது உகந்த சூழலுக்கான கணக்கு. மேப் ஓட, சார்ஜ் ஏற, கண்ணாடி வழியாக வெயில் அடிக்க, சேலத்திலிருந்து ஆத்தூர் வரை போகும் போனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கேமரா கண்ணாடியில் ஆவி படிகிறது

ஏற்காட்டுக்குப் போய்வந்த திங்கட்கிழமைகளில் இந்தப் புகார்தான் அதிகம். எந்தப் பக்கம் போகும்போது ஆவி வந்தது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மலையிலிருந்து இறங்கும்போது வந்ததா? குளிர்ந்த போன் சேலத்தின் சூடான, ஈரமான காற்றுக்குள் வருகிறது. ஐஸ் போட்ட டம்ளருக்கு வெளியே வேர்ப்பதுபோல் கண்ணாடியின் வெளிப்புறம் வேர்க்கும். துணியால் துடைத்தால் போய்விடும். போனில் கோளாறு எதுவும் இல்லை.

ஏறும்போது, அல்லது மேலே போய் ராத்திரி தங்கியபோது வந்ததா? துடைத்தாலும் போகவில்லையா? அப்படியானால் ஆவி உள்ளே இருக்கிறது. கீழே சேலத்தில் போனுக்குள் புகுந்த ஈரக்காற்று, மேலே குளிர்ந்ததும் கேமரா கண்ணாடியின் உட்புறத்தில் படிகிறது. லேசாக வந்து சில மணி நேரத்தில் மறைந்து, மறுபடி வராமல் இருந்தால் விட்டுவிடலாம். ஒரு நாளுக்கு மேல் நின்றாலும், காய்ந்த பிறகு கறை விட்டாலும், ஒவ்வொரு பயணத்திலும் வந்தாலும் எங்கோ பசையோ ரப்பரோ விட்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏற்காடு போனதும் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். காற்றழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. போனும் மூடிய பெட்டிதான். அதனால்தான் தண்ணீரை விடாமல் காற்றை மட்டும் விடும் ஒரு மெல்லிய சவ்வுத் துளையை உள்ளே வைத்திருக்கிறார்கள். அது அழுக்கால் அடைந்துபோனால் அழுத்தம் முழுவதையும் பசைதான் தாங்க வேண்டும்.

பசை நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. விலை உயர்ந்த போன்கள் பலவற்றில் காற்றழுத்தமானி இருக்கிறது. அதன் அளவைக் காட்டும் ஏதாவது ஒரு செயலியைப் போட்டு, திரையின் நடுவில் கட்டைவிரலால் மிதமாக அழுத்துங்கள். அளவு சட்டென்று ஏறி, பிறகு மெதுவாக இறங்கினால் மூடி இறுக்கமாக இருக்கிறது. அழுத்தியும் எண் அசையவே இல்லையென்றால் காற்று எங்கேயோ தாராளமாகப் போய்வருகிறது. பேட்டரி வீங்கிய போனில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். சோதனையில் தேறிவிட்டது என்று போனை ஏரியில் முக்கவும் வேண்டாம். ஐபி68 என்பது புதுப் போனை ஆய்வுக்கூடத்தில் நல்ல தண்ணீரில் வைத்துச் சோதித்துத் தந்த மதிப்பு. சோப்புத் தண்ணீர், கடல் தண்ணீர், மூன்று வருடம் வெயில் தின்ற பசை எதுவும் அந்தச் சோதனையில் இல்லை.

ஈரம் புகுந்தால் என்ன செய்வது? அணைத்து, சிம் டிரேயை வெளியே எடுத்து, மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், அந்தச் சூட்டில் மிச்சமிருக்கும் பசையும் இளகும். அரிசியில் புதைப்பதும் வேண்டாம் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது, துகள்கள் உள்ளே போகும். நம் ஊரில் ஒருவர் ஒரு படி மேலே போய் ஜவ்வரிசியில் புதைத்துக் கொண்டுவந்தார், மில் அவர்களுடையதாம். ஈரத்தோடு மாவு சேர்ந்து சார்ஜிங் ஓட்டைக்குள் கூழ் ஆகியிருந்தது.

சிம் டிரே துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல போன்களில் அங்கே ஒரு குட்டி வெள்ளைப் பட்டை இருக்கும். அது சிவந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

கேமரா நடுங்குகிறது, போகஸ் நிற்கவில்லை

முதலில் ஒரு பொய்ப் புகாரைத் தள்ளிவிடுவோம். போனை ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறதா? கேமராவைத் திறந்துவைத்து மறுபடி ஆட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் லென்ஸ் சுருளும் காந்தமும் கொண்டு மிதக்கும்படி செய்யப்பட்டது. கேமரா அணைந்திருக்கும்போது அது ஆடத்தான் செய்யும்.

கேமராவைத் திறந்த பிறகும் படம் துள்ளினால், ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் பாருங்கள். அகலக் கோணத்தில் நன்றாக இருந்து ஒன்று அல்லது மூன்று மடங்கில் மட்டும் துள்ளினால் அந்த லென்ஸின் மிதவைதான் கெட்டிருக்கிறது. காந்தம் வைத்த கவரோ கார் ஹோல்டரோ இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள், சில நேரம் அதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் என் அடுத்த கேள்வி: "தம்பி, பைக் ஹேண்டில்ல மாட்டுவீங்களா?"

மாட்டுவார்கள். ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் மேப்பும் வீடியோவுமாக ஹேண்டில்பாரில் ஏறியிருக்கும். அதிக சக்தி கொண்ட பைக் என்ஜினின் அதிர்வு பைக்கின் சட்டம் வழியாக வந்து கேமராவின் மிதவையைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021ல் வெளிப்படையாகவே எச்சரித்தது. மற்ற கம்பெனிகளின் லென்ஸும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. கெட்டதைச் சரிசெய்ய முடியாது, கேமரா பாகத்தையே மாற்ற வேண்டும். அதிர்வைக் குறைக்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் ஓரளவு காப்பாற்றும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காதில் வழி கேட்பது இன்னும் நல்லது.

ஸ்பீக்கர் மந்தமாகிவிட்டது, எதிரில் பேசுபவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது

திரையில் என்ன கிளாஸ் ஒட்டியிருக்கிறீர்கள்? வளைந்த திரைக்கு யூவி கிளாஸ் என்று ஒன்று ஒட்டுகிறார்கள். தண்ணீர் போன்ற பசையை ஊற்றி, பரப்பி, நீல விளக்கில் காயவைப்பார்கள். ஊற்றிய பசை காயும் முன்பே மேல் ஸ்பீக்கர் வலைக்குள்ளும் பக்கவாட்டுப் பட்டன் இடுக்கிலும் இறங்கிவிடும். இறங்கியது அங்கேயே கெட்டியாகும். குரல் அமுங்கும், பட்டன் டக் என்று அமுங்காமல் மெத்தென்று இருக்கும். காய்ந்த பிறகு எந்தத் திரவத்துக்கும் அது எளிதில் கரையாது. வலையையோ ஸ்பீக்கரையோ மாற்றத்தான் வேண்டும். ஒட்டும் முன்பு துளைகளை டேப் போட்டு அடைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள். என் தொழிலைச் செய்பவர்களைப் பற்றி நானே இப்படிச் சொல்வது நன்றாக இல்லைதான்.

கிளாஸ் புதிதில்லையென்றால் வலையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளை மாவா, பஞ்சா, கறுப்பு மயிர்க்கால் மாதிரியா? கடைசியில் சொன்னது இரும்புத் தூள். லேத் பட்டறையில் வேலை செய்பவர்கள் போனிலும் கஞ்சமலை அடிவாரத்து மண்ணில் புழங்குபவர்கள் போனிலும் பார்க்கிறேன். கஞ்சமலை மண்ணில் காந்தத்துக்கு ஒட்டும் இரும்புத்தாது இருக்கிறது, ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. ஊதினால் போகாது, ஊசியால் குத்தினால் வலை கிழியும். நல்ல ஒட்டும் டேப்பை வலைமேல் வைத்து அழுத்தி எடுங்கள், பத்துத் தடவை செய்ய வேண்டியிருக்கும். மாவையும் பஞ்சையும் மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் பக்கவாட்டாகத் தள்ளினால் போதும்.

சார்ஜர் வயர் லூசாக இருக்கிறது

பத்தில் ஒன்பது தடவை என்று சொல்ல ஆசை, எண்ணிப் பார்த்ததில்லை. பஞ்சுதான் பெரும்பாலும் காரணம். தறி ஓடும் வீடுகளிலிருந்து வரும் போன்களில் சார்ஜிங் ஓட்டையின் அடியில் பஞ்சு அப்பளம் மாதிரி அழுந்திக் கிடக்கும். வயரைச் சொருகினால் முழுதாக உட்காராமல் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம். போனை அணைத்து, மரப் பல்குத்தியைச் சீவி மெல்லியதாக்கி, சுவரோரமாகச் சுரண்டி எடுங்கள். நடுவில் நாக்கு மாதிரி இருப்பதைத் தொடாதீர்கள். பின்னூசி வேண்டவே வேண்டாம். சுத்தம் செய்த பிறகும் வயர் ஆடினால், வேறொரு நல்ல வயரை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கீறல், நிறம் உரிதல், வழவழப்புப் போதல்

திரைக் கீறலுக்குச் சாவியையும் காசையும்தான் எல்லாரும் திட்டுவார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசு எவர்சில்வர். நம் சேலம் உருக்காலையிலேயே காசுக்கான வில்லை வெட்டும் பிரிவு உண்டு. அந்த உலோகம் போன் கண்ணாடியைவிட மென்மையானது. ஏற்காடு போகும் வழியில் பறக்கும் வெள்ளைக்கல் தூசியையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கல் மேக்னசைட். கடினத்தை அளக்கும் மோ அளவில் அது 3.5 முதல் 4.5தான். கண்ணாடி கீறத் தொடங்குவது 6 வாக்கில். குற்றவாளி சாதாரண மணல். அதில் இருக்கும் குவார்ட்ஸ் 7. பேண்ட் பையின் அடியில் நாலு மணல் கிடந்தாலே போதும்.

நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் கண்ணாடியில் ஆழமான கீறல், மாட்டாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் மேல்பூச்சில் இருக்கலாம். விரல் முன்பு போல் வழுக்கவில்லை, தட்டுவடை செட் சாப்பிட்ட கை பட்டதும் திரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு என்றால் எண்ணெயை ஒட்டவிடாத பூச்சு தேய்ந்திருக்கிறது. அது தேயவே தேயும், பழுது என்று கொண்டுபோனால் யாரும் ஏற்கமாட்டார்கள். பிளீச்சும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டுத் துடைத்தால் இன்னும் வேகமாகப் போகும்.

சட்டத்தில் நிறம் உரிவது உலோகத்தைப் பொறுத்தது. அலுமினியத்துக்கு ஏற்றும் நிறம் கூரான விளிம்புகளில்தான் முதலில் சில்லுச் சில்லாகப் போகும். 2025ல் ஐபோன் 17 புரோ வந்தபோது கேமரா மேட்டின் விளிம்பைப் பற்றி ஊரே பேசியது இதைத்தான். டைட்டானியத்தில் விரல் எண்ணெய் பட்டு நிறம் மாறினாற்போல் தெரியும். 2023ல் ஐபோன் 15 புரோவுக்கு இந்தப் புகார் வந்தது, லேசாக ஈரப்படுத்திய துணியால் துடைத்தால் சரியாகிவிடும். எவர்சில்வர் சட்டத்தை மட்டும்தான் பாலிஷ் போட முடியும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர் கொலுசுக்குப் போடுகிற சக்கரத்திலேயே தன் வெள்ளி நிறப் போனுக்குப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று கொண்டுவந்தார். அசந்துபோனேன். அதே சூட்டோடு மச்சானின் கறுப்புப் போனுக்கும் போட்டிருக்கிறார். கறுப்பு என்பது மேலே ஏற்றிய படலம், ஒரு பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. சக்கரத்தின் சூட்டில் ஓரப்பசையும் இளகியிருந்தது தனிக்கதை.

திரையில் பச்சைக் கோடு

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொருவருக்கு அனுப்புங்கள். அவர் போனில் கோடு தெரியாவிட்டால் திரைதான் கெட்டிருக்கிறது, ரீசெட் செய்து பயனில்லை. ஓஎல்இடி வகைத் திரைப் பலகையையும் அதை ஓட்டும் சிப்பையும் இணைக்கும் மெல்லிய பட்டையில் ஏற்படும் கோளாறுதான் பெரும்பாலும் இது. அப்டேட் போட்டதும் வந்தது என்பார்கள். அந்த நேரத்துச் சூடு, ஏற்கெனவே பலவீனமாக இருந்த இணைப்பை வெளியே காட்டியிருக்கலாம். 2024ல் இந்தியாவில் சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகத் திரை மாற்றித் தந்தன. எனவே என்னிடம் பணம் கொடுக்கும் முன்பு அங்கே கேளுங்கள்.

சார்ஜ் போடும்போது உலோகச் சட்டம் சுருசுரு என்கிறது

ஒரிஜினல் இரண்டு முள் சார்ஜரில் மிகச் சிறு கசிவு இயல்பு. வெறுங்காலோடு தரையில் நின்றால் தெரியும். டூப்ளிகேட் சார்ஜர் என்றாலோ, சுருசுருப்பு தாண்டி ஷாக் அடித்தாலோ உடனே பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். திரை தானாக டச் ஆவதும் பல நேரம் இதே சார்ஜரின் வேலைதான்.

மடிக்கும் போனில் மடிப்போரம் குமிழ்

மேலே இருக்கும் படலத்தை டெம்பர் கிளாஸ் என்று நினைத்து உரிக்காதீர்கள். 2019ல் முதல் கேலக்ஸி ஃபோல்டை விமர்சனத்துக்கு வாங்கியவர்களில் சிலர் உரித்துத் திரையைப் போக்கினார்கள், விற்பனையே தள்ளிப்போனது. குமிழ் வந்தால் கம்பெனி சர்வீஸில் படலத்தை மாற்றிக்கொள்ளலாம்.

சர்வீஸ் சென்டரில்

"பிசிக்கல் டேமேஜ், வாரண்டி இல்லை" என்று ஒரே வரியில் முடிக்கப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் அடி என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் நீங்கள் எடுத்த படங்களைக் காட்டுங்கள், மறுப்பை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். போனை ஒப்படைக்கும்போது இருந்த நிலையும் அதில் எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

எங்கே பழுது பார்த்தாலும், என் கடையானாலும், போனைத் திரும்ப வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: "திறந்தீங்களே, பழைய பசையைச் சுரண்டிட்டுப் புதுப் பசை போட்டீங்களா?" பேட்டரி மாற்றத் திறந்தாலும் திரை மாற்றத் திறந்தாலும் கம்பெனி போட்ட பசைக்கோடு அறுந்துவிடும். சிலர் பழையதன் மேலேயே அழுத்தி மூடி, க்ளிப் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. காற்றழுத்தமானி செயலியை அங்கேயே திறந்து, கடைக்காரர் எதிரிலேயே திரையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எண் அசையாவிட்டால் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனை மேசையிலேயே விடுங்கள்.